சேரின் குரலை நான்தான் அழித்தேன்

2019 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண்டி திருகோணமலை வீதியில் இருக்கும் என் கடை மாடியில் வைத்து, எனக்கு எழுத்தறிவித்தவரின் மகளிடம் ஒரு பொய் சொன்னேன். "அது டேப்பிலேயே பதியல்ல அக்கா." சொன்னது இவ்வளவுதான். அவர் நம்பினார். வீடியோ வேலை தெரிந்தவன் நான். அவருடைய அப்பாவிடம் படித்தவன். நம்பாமலிருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு, கொண்டுவந்த கொப்பியைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, தெல்தோட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். படியில் அவர் இறங்கிய சத்தம் அடங்கும்வரை நான் நாற்காலியிலிருந்து எழும்பவில்லை.

பதியவில்லை என்பது பொய். பதிந்திருந்தது. பதிந்திருந்ததை அழித்தவன் நான். இதை அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எல்லோருக்குமாக எழுத இன்னும் சில வருடங்கள்.

நான் பிறந்தது தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், மேட்டு லய வரிசையில், கடைசியான தொங்கல் காம்பராவில். ஐந்தாம் வகுப்புவரை தோட்டப் பள்ளிக்கூடம். அங்கே எங்களுக்கு எல்லாப் பாடமும் எடுத்தவர் ஒருவரே. நாங்கள் அவரை 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம்; இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு வீடியோ கெமரா கிடைத்தது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய அவருடைய மகள்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் மினி டீவி கெசட் போடுகிற கெமரா. 2003 முதல் 2006 வரை சேர் அதை வைத்து 23 கெசட் எடுத்தார்.

என்ன எடுத்தார் என்று சொன்னால்தான் நான் அழித்தது என்ன என்பது விளங்கும். மாசி மாதம் காமன் பொட்டலில் கம்பம் நட்டு விடியவிடிய நடக்கும் காமன் கூத்தை எடுத்தார். ரதியும் மதனும் ஆடுவதை மட்டுமல்ல, அவர்கள் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து வேடம் கட்டுவதையும், தப்புக்காரர்கள் நெருப்பில் தப்பைக் காய்ச்சுவதையும் எடுத்தார். கொழுந்து நிறுக்கிற இடத்தை எடுத்தார். சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் கிழவிகளை, அவர்களிடம் உத்தரவு கேட்டு, பிறகொரு நாள் தனியாக உட்காரவைத்துப் பாடச்சொல்லி எடுத்தார். அந்த மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் லூல்கந்துர. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம். அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் கல்லாசனத்தில் இன்றைக்கும் ஆட்கள் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்களின் பெயர் எங்கே இருக்கிறது என்று சேர் வகுப்பிலேயே கேட்பார். எங்கள் அப்பாமாரின் பெயர் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் இருந்தது. ஆனால் அதில் எண்தான் முக்கியம், பெயர் எழுத்துப்பிழையோடு ஓரமாக இருக்கும். ஒரே ஆளுக்கு பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொன்று, பிரஜாவுரிமைப் பத்திரத்தில் மூன்றாவது. அதனால் அவதிப்பட்ட குடும்பங்களை அவர் நேரில் பார்த்தவர்.

ஆகவே அவர் படம் எடுத்ததோடு நிறுத்தவில்லை. இரவில் வீட்டில் கெமராவை மேசையில் வைத்து, கெசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, ஒரு சின்ன மைக்கைச் சொருகிக்கொண்டு, திரையில் வருகிறவர்களை ஒவ்வொருவராகச் சொல்வார். இவர் இன்னாருடைய மகன், இந்த டிவிசன், இந்த லயம். தப்பு அடிக்கிறவர் யார், யாரிடம் பழகினார். கிழவி அழுவது யாரை நினைத்து.

இதற்கு அந்தக் கெமராவில் இடம் இருந்தது. மினி டீவி கெசட்டில் ஒலியை இரண்டு விதமாகப் பதியலாம். 16 பிட்டில் பதிந்தால் ஒரு ஜோடி ஒலித்தடம், அவ்வளவுதான். 12 பிட்டில், 32 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் தரம் சற்றுக் குறையும். ஆனால் இரண்டு ஜோடிக்கு இடம் கிடைக்கும். முதல் ஜோடியில் படம் எடுக்கும்போது கேட்ட சத்தம் இருக்கும். இரண்டாவது ஜோடி வெறுமையாக இருக்கும். பிறகு அதில் குரல் கொடுத்துக்கொள்ளலாம், முதலாவது கெடாது. சேர் இதைக் கெமராவோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டார். 23 கெசட்டில் முதல் மூன்று 16 பிட். மற்ற 20-உம் 12 பிட். அந்த 20-இலும் இரண்டாவது ஜோடியில் அவருடைய குரல்.

2014-இல் சேர் அந்தக் கெசட்டெல்லாம் இருந்த பெட்டியை என்னிடம் கொடுத்தார். கெமரா பழுதாகத் தொடங்கியிருந்தது. "கொம்பியூட்டருக்கு மாத்தி வச்சிரு, நீ செஞ்சா சரியா இருக்கும்" என்றார். காசு வேண்டாம் என்றேன். இப்போது யோசித்தால், காசு வாங்கியிருந்தால் ஒழுங்காகச் செய்திருப்பேன். காசில்லாத வேலை என்பதால் அதை மற்ற வேலைகளின் இடுக்கில் வைத்தேன். இதுவும் என் குற்றங்களில் ஒன்று.

கெசட்டிலிருந்து கொம்பியூட்டருக்கு எடுக்கும் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். ஃபயர்வயர் கம்பியில், ஒரு மணி நேரக் கெசட்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்து, டேப்பில் இருந்ததை அப்படியே டீவி ஃபைலாக இறக்கினேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 13 ஜிகாபைட். இரண்டு ஜோடி ஒலியும் அந்த ஃபைல்களுக்குள் வந்துவிட்டன. எனக்குத் தெரியாமலே வந்துவிட்டன. இறக்கும்போது கெமராவின் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்தக் கெமராவில் யாரும் மாற்றாதவரை முதல் ஜோடிதான் ஸ்பீக்கரில் கேட்கும். தப்புச் சத்தம் கேட்டது, சரி என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது சுருக்கும் வேலை. 23 ஃபைலும் சேர்ந்து 300 ஜிகாபைட்டை நெருங்கின. என்னிடம் இருந்தது 500 ஜிகாபைட் டிஸ்க் ஒன்று, அதில் மிச்ச இடமெல்லாம் கலியாண வேலை. அது கண்டிப் பெரஹரா திருவிழா முடிந்த கிழமை. பெரஹரா நாட்களில் எங்கள் பகுதியில் வேலை ஓடாது. தேங்கியதெல்லாம் அந்தக் கிழமையில் தலையில் விழும். பின்னாலேயே ஆவணி முகூர்த்தங்கள் வந்துகொண்டிருந்தன. இடம் வேண்டும்.

நான் பாவித்தது எஃப்எஃப்எம்பெக். ஃபப்ரீஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச மென்பொருள். ஜன்னல், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை எழுத வேண்டும். வீடியோ மாற்றித்தரும் எத்தனையோ மென்பொருள்களுக்குள் மறைந்து கிடந்து வேலை செய்வது இதுதான். எனக்கு அதை யாரும் கற்றுத் தரவில்லை. அங்கே இங்கே பார்த்த வரிகளை வெட்டி ஒட்டிப் பழகினேன். பழகியதைத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு வீடியோ ஃபைல் என்பது ஒரே பொருள் அல்ல. ஒரு பெட்டிக்குள் பல தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. படம் ஒரு தடம், ஒலி ஒன்றோ இரண்டோ, வசனவரி இருந்தால் அது வேறு. இந்தத் தடங்களை அந்த மென்பொருள் ஸ்ட்ரீம் என்கிறது. உள்ளே வரும் தடங்களில் எவை வெளியே போக வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு கட்டளைச் சொல் இருக்கிறது: மேப். அதை நீங்கள் எழுதாவிட்டால் அது தானாகவே தெரிவு செய்யும். படத்தில் அளவு பெரியது ஒன்று. ஒலியில் சனல் கூடியது ஒன்று. இரண்டு ஒலியிலும் சனல் எண்ணிக்கை சமமாக இருந்தால், முதலில் நிற்பது. மற்றது விடப்படும். அது பிழை அல்ல, அதன் விதி. விதி எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. நான் வாசிக்கவில்லை.

சேரின் ஃபைல்களில் இரண்டு ஒலித்தடங்களும் ஸ்டீரியோ. சமம். முதலாவது போனது. சேர் நின்றது இரண்டாவதில்.

இதை அந்த மென்பொருள் ஒளிக்கவும் இல்லை. வேலையைத் தொடங்கும்போது 'ஸ்ட்ரீம் மேப்பிங்' என்று தலைப்புப் போட்டு, உள்ளே இருந்த எந்தத் தடம் வெளியே எந்தத் தடமாகப் போகிறது என்று வரிவரியாக எழுதிக் காட்டும். பூச்சியம் பூச்சியத்துக்கு, ஒன்று ஒன்றுக்கு. அதற்கு மேலே, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலில் இரண்டாம் எண்ணும் இருக்கும். மேலே மூன்று, கீழே இரண்டு. பார்த்திருந்தால் குழந்தைக்கும் தெரியும். நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த வரிகள் திரையை நிறைக்கின்றன என்று சொல்லி, பிழை இருந்தால் மட்டும் பேசு, மற்றபடி பேசாதே என்று கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்து வைத்திருந்தேன். பெருமையாகச் சேர்த்தேன். திரை சுத்தமாக இருந்தது.

கட்டளையின் கடைசித் துண்டு இன்னும் மோசம். 23 ஃபைலையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும்படி ஒரு சுற்று எழுதி, ஒவ்வொரு வரியின் முடிவிலும், மாற்றம் வெற்றியாக முடிந்தால் மூல ஃபைலை அழித்துவிடு என்று போட்டேன். வெற்றி என்றால் என்ன? அந்த மென்பொருள் முடியும்போது பூச்சியம் என்ற எண்ணைத் திருப்பித் தந்தால் வெற்றி. அது தன் விதிப்படி ஒரு தடத்தை விட்டுவிட்டு, சொன்ன வேலையைக் குறையில்லாமல் முடித்து, பூச்சியம் தந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு மூல ஃபைல் போனது. இரவு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் 23 எம்பி4 இருந்தது, டிஸ்க்கில் இடம் இருந்தது. நாலைந்தை அங்கங்கே தொட்டுப் பார்த்தேன், ஸ்பீக்கரை மூடி வைத்துவிட்டு. படம் நன்றாக இருந்தது.

சேரிடம் கெசட் பெட்டியையும் இரண்டு பென் டிரைவையும் கொடுத்தேன். அவர் வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டியபோது கூத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்று கேள்விப்பட்டேன். தன் குரல் வரவில்லை என்று அவர் கவனித்தாரா? கவனித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கெமராவில் ஒன்றா இரண்டா என்று தெரிவு செய்வதுபோல இதிலும் எங்கோ ஒரு பொத்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பார். அல்லது என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று விட்டிருப்பார். 2016-இல் இறந்துபோனார். நான் செத்தவீட்டுக்குப் போனேன், பாடையைத் தூக்கினேன்.

அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தது சேரின் கொப்பி. கெசட் வாரியாக எழுதியிருந்தார். அவருடைய சாய்ந்த கையெழுத்தில், நாலாம் கெசட்டிலிருந்து ஒவ்வொன்றின் பக்கத்திலும்: '12 பிட். ஸ்டீரியோ இரண்டில் விளக்கம் சொல்லியிருக்கிறேன்.' அக்கா கேட்டார்: "அப்பா பேசினது எங்க தம்பி? நாங்க போட்டா கூத்துச் சத்தம் மட்டுந்தான் வருது." அந்த வரியைப் படித்த பத்து விநாடிக்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் சொன்ன பதிலாக இருந்திருந்தால் அதைத் தவறு என்று எழுதியிருப்பேன். விளங்கிய பிறகு, முழுதாக விளங்கிய பிறகு, பதியவில்லை என்றேன்.

அவர் கேட்டது தனக்காக மட்டும் அல்ல. 17-ஆம் கெசட்டில் ஒரு கிழவி ஒப்பாரி சொல்கிறார். 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்திட்டு, எங்கள் சனங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்களே, அதில் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போன ஒரு தம்பியை நினைத்து அழுகிறார் அவர். அந்தத் தம்பி அங்கே எந்த ஊரில் குடியேறினார் என்று சேர் விசாரித்து வைத்திருந்தாராம். கொப்பியில் '17: தம்பி போன ஊர், விவரம் சொல்லியிருக்கிறேன்' என்று மட்டும் இருக்கிறது. கிழவியின் பேரன் இப்போது தேடிக்கொண்டிருந்தார். நீலகிரிப் பக்கம் என்று மட்டும் தெரியும். அங்கே கூடலூர், கோத்தகிரி, குன்னூர் என்று எத்தனையோ இடங்களில் இங்கிருந்து போனவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பெயர் வேண்டும். பதியவில்லை என்று நான் சொன்னதை அக்கா அவரிடம் சொன்னார். அவர் தேடுவதை விட்டுவிட்டார். என் பொய் போய் விழுந்த இடம் அது.

மூன்று மாதம் கழித்து, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லிக் கெசட் பெட்டியை வாங்கினேன். அது அக்கா வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஓட்டுக் கூரை, மேற்குப் பக்கச் சுவர் ஓதம். அந்த மலையில் ஆறு மாதம் மழை, மற்ற நாளில் பனி. பெட்டியைத் திறந்ததும் பூஞ்சணம் மணத்தது. சில கெசட்டுகளின் கண்ணாடி வழியாகவே டேப் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது தெரிந்தது. 2014-இல் அவை சுத்தமாக இருந்தவை.

பழைய கெமரா ஒன்று தேடி வாங்கினேன். ஃபயர்வயர் கார்ட் உள்ள பழைய கொம்பியூட்டர் ஒன்றைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு நண்பர் தந்தார். நன்றாக இருந்த ஒரு கெசட்டை, ஆறாவதை, முதலில் இறக்கினேன். இனி நான் எழுதப்போவதுதான் இந்த முழுக்கதையிலும் எனக்கு மிகவும் வெட்கமான பகுதி.

இரண்டாவது ஒலியை எடுக்க வேண்டும். எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குகிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே முதல் ஒலி பூச்சியம், இரண்டாவது ஒலி ஒன்று என்று கணக்குப் போட்டு, மேப் பூச்சியம்–முக்காற்புள்ளி–ஒன்று என்று எழுதினேன். ஓடியது. ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். தப்புச் சத்தம். கூட்டம். சிறுபிள்ளைகளின் கூச்சல். சேர் இல்லை. நடுவில் தள்ளிக் கேட்டேன், இல்லை. கடைசியில் கேட்டேன், இல்லை.

அப்போது எனக்கு வந்தது துக்கம் அல்ல. நிம்மதி. உண்மையாகவே பதியவில்லை போலிருக்கிறது, நான் சொன்னது பொய்யாக இல்லாமல் போய்விட்டது என்று நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. சேரின் குரல் இந்த உலகத்தில் எங்குமே இல்லை என்பதற்காக நான் நிம்மதிப்பட்டேன். கீழே போய்ப் பிளேன்டீ குடித்தேன். நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் காலையில் திரையில் அந்த வரிகள் அப்படியே கிடந்தன. இந்தத் தடவை பேசாதே என்று கட்டளையிட்டிருக்கவில்லை. ஒன்று, ஒன்றுக்கு என்று இருந்தது. மேலே பட்டியலில் பூச்சியம் படம், ஒன்று ஒலி, இரண்டு ஒலி. நான் எழுதிய ஒன்று, ஒலிகளில் ஒன்றாவது அல்ல. ஃபைலில் உள்ள எல்லாத் தடங்களிலும் ஒன்றாவது. அதாவது படத்துக்கு அடுத்தது. அதாவது மீண்டும் அதே முதல் ஒலி. ஒலிகளுக்குள் மட்டும் எண்ண வேண்டுமானால் நடுவில் ஏ என்ற எழுத்தைப் போட வேண்டும்: பூச்சியம், ஏ, ஒன்று. ஒரே ஓர் எழுத்து.

போட்டேன். ஹெட்ஃபோனில் முதலில் ஒரு இரைச்சல், மைக்கை மேசையில் வைக்கும் சத்தம், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சேர். வகுப்பில் வருகைப் பதிவு கூப்பிடும் அதே குரலில் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். மூன்றாவதாகச் சொன்னது என் அப்பாவின் பெயர். காமன் கம்பத்துக்கு வைக்கோல் பிரி சுற்றுகிறவர்களில் ஒருவராக என் அப்பா திரையில் நிற்கிறார். ஐந்து வருடத்துக்கு முன் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தபோது, முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அவரை நான் கவனிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இதே வேலை. கெசட்டுகளைப் பல நாள் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் அடைத்து உலர்த்தினேன். ஹெட்டைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். 20-இல் எட்டு முழுதாக வந்தன. ஐந்து இடையிடையே அறுந்து வந்தன. படம் சதுரம் சதுரமாக உடைய, குரல் பாதிச் சொல்லில் நின்று மறுபாதியில் வரும். ஏழு வரவே இல்லை. அந்த ஏழில் 17 ஒன்று. அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சில்லே சுழலவில்லை.

இந்த வேலைக்கு நடுவிலும் ஒரு பழைய புத்தி தலைகாட்டியது. எல்லா ஃபைலுக்கும் ஒரே கட்டளை எழுதி ஓட்டியபோது, 16 பிட் ஃபைல்களில் அது நின்றுவிட்டது: கேட்ட தடம் இதில் இல்லை என்றது. கூடவே வழியும் சொன்னது. இல்லாவிட்டால் பரவாயில்லை என்று விட வேண்டுமானால் முடிவில் ஒரு கேள்விக்குறி போடு என்று. போட்டேன், எல்லாம் நிற்காமல் ஓடியது. அன்று மாலையே எடுத்துவிட்டேன். இல்லாததை இல்லை என்று சத்தமாகச் சொல்லி நிற்கிற ஒரு கருவியின் வாயை நான் ஏற்கனவே ஒரு தடவை பொத்தியிருக்கிறேன். இப்போது எதையும் மாற்றுமுன் உள்ளே எத்தனை தடம் என்று ஒரு தாளில் எழுதுகிறேன், மேப் பூச்சியம் என்று மட்டும் போட்டு அத்தனையையும் எடுக்கிறேன், வெளியே எத்தனை வந்தது என்று பக்கத்தில் எழுதுகிறேன். மூலத்தை அழிப்பதில்லை. இரண்டு ஒலியும் உள்ள ஃபைலைப் போனில் போட்டால் முதலாவதுதான் கேட்கும் என்பதால், வீட்டுக்காரர்களுக்கு இரண்டையும் கலந்து, கூத்துச் சத்தத்தைத் தாழ்த்தி, தனியாக ஒரு பிரதி செய்கிறேன். தொழிலில் இது முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

எட்டுக் கெசட்டின் குரலைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தபோது அவர் அழுதார். "அப்பாவ திருப்பித் தந்திட்டீங்க தம்பி" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். பதியாத குரலை எப்படி மீட்டேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பேன். கோழி அடித்துச் சமைத்தார்கள். சாப்பிட்டேன். அழித்தவன் மீட்டவனாகி விருந்து சாப்பிட்டான். முதல் பொய்யையாவது பயத்தில் சொன்னேன். இதில் பயம் இல்லை, அந்தப் புகழ் எனக்குப் பிடித்திருந்தது.

2020-இல், ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும் போய்ச் சொன்னேன். 2014-இல் என்ன செய்தேன், எதை வாசிக்காமல் விட்டேன், எதை அழித்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தெரிந்துகொண்டு என்ன சொன்னேன். அக்கா குறுக்கே பேசவில்லை. கெமரா வாங்கிய காசைப் பற்றித்தான் முதலில் சொன்னார், குவைத்தில் எத்தனை மாதச் சம்பளம் அது என்று. கோபமாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியட்டும் என்று சொன்னார். பிறகு கேட்டார்: "அந்தப் பேரப்பிள்ளகிட்ட நான் சொன்னேனே, டேப்புல இல்லன்னு. அத யாரு போயி மாத்திச் சொல்றது?"

நான்தான் போனேன். பக்கத்து டிவிசன், கீழ் லயம். பேரன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவர். அந்த நாட்களில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அவருடைய அத்தை ஒருவர், வயதானவர், ஒப்பாரி சொன்ன கிழவியின் மகள், மூலையில் உட்கார்ந்திருந்தார். 17-ஆம் கெசட்டில் சேர் சொன்ன ஊர்ப் பெயர் இருந்தது, அதை நான் அழித்துவிட்டேன், டேப் இனி ஓடாது என்று சொன்னேன். பேரன் என் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு நான் சொல்லக்கூடிய வார்த்தை எதுவும் இருக்கவில்லை.

அத்தைதான் கேட்டார்: "எங்கம்மா பாடினதாச்சும் இருக்கா?"

அது இருக்கிறது. 2014-இல் நான் மாற்றிய எம்பி4-இல் முதல் தடம் இருக்கிறது. மடிக்கணினியைத் திறந்து போட்டேன். 22 நிமிடம். அந்த 22 நிமிடத்தை நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுதாகக் கேட்டேன். இரண்டாவது தடத்தை இழந்ததற்காக இத்தனை நாள் வருந்தியவன், காப்பாற்றி வைத்த முதல் தடத்தையும் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டதில்லை. கிழவி தம்பியைப் பல பெயரில் கூப்பிடுகிறார். கப்பலைச் சொல்கிறார். மண்டபம் முகாமைச் சொல்கிறார். ஒரு இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, இழுத்து, ஒரு சொல் சொல்கிறார். அதே நேரம் வெளியே ஒரு நாய் குரைக்கிறது.

அத்தை கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"அது ஆள் பேரு இல்ல," என்றார். பேரன் வாசலிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தார். பத்து விநாடி பின்னால் கொண்டுபோய்ப் போட்டேன். நாய் குரைத்தது. எஸ்டேட் பெயரா, ஊர்ப் பெயரா, இரண்டு எழுத்தா மூன்றா, யாருக்கும் பிடிபடவில்லை. ஹெட்ஃபோனை அத்தையின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொருக்கா போடு தம்பி."